காராமணி தின்னியின் கதவு

சேகு ஊர் நகராட்சியில் இருபத்தாறு வருஷமாக முகவரிப் பதிவேடு எழுதிவந்த நியேலே குலிபாலிக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தன் வீடு தெரியாமல் போயிற்று. மற்றவர்களுக்கு அது இருந்த இடத்திலேயே இருந்தது. தபால்காரர் போய்வந்தார், ஆடு போய்வந்தது. அவளுக்கு மட்டும் அங்கே வெறும் செம்மண் சுவர். புருஷன் லாமின் வெளியே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். வாசலில் அவர் கை மட்டும் நழுவி உள்ளே போய்விட்டது. ஏழு தடவை முயன்றுவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அன்று காலை சூமானா கேத்தா சான்றிதழ் வாங்க வந்தவன், ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன காராமணி தின்னி, இன்னிக்கு எத்தனை பானை?" என்று கேட்டான். கேத்தாக்களும் குலிபாலிகளும் பரம்பரையாகக் கேலி முறைக்காரர்கள். பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் கிண்டலடிக்காவிட்டால்தான் அவமரியாதை. அன்று நியேலேவுக்குப் பல்வலி. "வரிசையில நில்லுங்க, ஐயா," என்றுவிட்டாள். ஐயாவாம்! வரிசையில் நின்ற பதினோரு பேரும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பதினெட்டு நாள் ஓடிற்று. தங்கையின் கட்டில் குட்டை. லாமினின் குறட்டை இல்லாமல் தூக்கமும் வரவில்லை. கேத்தாவிடம் நேரில் போக நியேலேவின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவன் சனிக்கிழமைதோறும் ஆற்றங்கரையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுபவன். அந்தக் கூட்டத்தோடு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி ஆளாக அவளும் நடந்தாள்.

எழுதி எழுதித் தேய்ந்த சந்துகளில் ஒன்றில்கூட அவள் கால் வைத்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. குயவர் தெருக் கிணறு சரியாக நாலு மணிக்கு இருமியது. பக்கத்தில் நின்றவர்கள் அதன் உடம்பை விசாரித்தார்கள். ஒரு பலன்சான் மரம் இலைகளை உதிர்க்காமல், வந்தவர் தோளில் ஒவ்வொன்றாக வைத்தது. அந்த மரம் அவள் அலுவலக நாற்காலிக்கு நேர் பின்னால்தான் நின்றது. இருபத்தாறு வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியாகக் கேத்தா அந்தச் செம்மண் சுவர் முன் நின்றான்.

"இந்த வீட்டுக்காரி ஒரு அண்டா காராமணியத் தானே தின்னுட்டு, விருந்தாளிக்குத் தோலை வைப்பா. கதவைப் பாருங்க, இடிச்சு இடிச்சு எப்படி அகலமாயிருக்கு!"

கூட்டம் கதவைப் பார்த்துச் சிரித்தது. நியேலேவுக்குச் சுவர்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து வெங்காயம் தாளித்த காராமணி வாசனையும் லாமினின் செருமலும் வந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகப் பசி வந்தது. முக்காட்டை உருவி எறிந்தாள்.

"அடேய் எடுபிடிப் பயலே! ஒரு பிடி காராமணி வாங்க வக்கில்ல, என் பானைய மோப்பம் பிடிச்சு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கியா?"

"பதினெட்டு நாளா இதுக்குத்தாண்டி காத்திருந்தேன்!" என்றான் கேத்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சுவரில் முதலில் கதவின் நீலம் தெரிந்தது, பிறகு கீல், பிறகு லாமின். அன்று கேத்தா மூன்று தட்டு சாப்பிட்டான்.

இப்போதும் அவன் வெளியூர் போகிற நாட்களில் கதவு கொஞ்சம் மங்கிவிடும். லாமின் அவனுக்குப் போன் போட்டு ஜன்னல் வழியாக மனைவியிடம் நீட்டுவார். முதல் வசவு முடிவதற்குள் கைப்பிடி தெரிந்துவிடும்.