முதல் நாள் கன்னம் மட்டும்

தீபிகா பிறந்து மூன்று மாதம் முடிந்தும் என் வீட்டுக்காரர் தனபால் தாடியை எடுக்கவில்லை. மனைவி மாசமாக இருக்கையில் கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை பிறந்ததும் மழித்துவிடுவார்கள். இவர் மட்டும் வாய் திறக்காமல் தாடியோடு திரிந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். நான் முதல் தடவை மாசமாக இருந்தபோது, ஏற்காட்டில் இவர் வேலை பார்க்கும் ஓட்டலில் இவரை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். அங்கே தாடியோடு நிற்கக்கூடாதாம். மழித்தார். அடுத்த வாரமே வயிற்றுக்குள் இருந்த பெண் அசையாமல் போனாள். "கத்தி வெச்சானல்ல, அதானுங்க," என்று இவருடைய அத்தை அத்தாயி, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னார். எழுந்து உட்காரத் தெம்பிருந்தால் அன்றே அந்த வாயை அடைத்திருப்பேன். தீபிகா வயிற்றில் வந்ததும் இவர் ஓட்டலில் கெஞ்சிக் கேட்டு, தாடியைக் கேள்வி கேட்காத உள்வேலைக்கு மாறிக்கொண்டார்.

ஒருநாள் இவர் போனை எடுத்துப் பார்த்தால், வரிசையாகச் சவர வீடியோக்கள். அதுவும் மடக்குக் கத்தியில் வீட்டிலேயே பழகுவது எப்படி என்று. மனுஷனுக்கு ஆசை இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை. ஒரு வீடியோவில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். புதிதாகப் பழகுகிறவர் முதல் நாள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம், கை பழகப் பழக மற்ற இடங்களாம்.

கத்தியை நானே வரவழைத்தேன்.

"ஏனுங்க, காதுக்குக் கீழ கொஞ்சம் மட்டும் எடுங்க. பாப்பாவைப் பாருங்க. நல்லா இருந்தா நாளைக்கு இன்னும் கொஞ்சம்," என்றேன்.

"வேண்டாம் புள்ள."

"சலூனுக்குப் போனா ஒரே மூச்சில எடுத்துருவாங்க. இதுன்னா நீங்க நிறுத்தற எடத்துல நிக்கும்."

அந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

மலைமேல் மஞ்சக்குட்டை ஊரில் எங்கள் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வரும். காலையில் ஜன்னலோரம் அவர் உட்காருவார், தீபிகாவை மடியில் போட்டுக்கொண்டு நான் கண்ணாடியைப் பிடிப்பேன். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மங்கும். வெளியே சில்வர் ஓக் மரங்கள் பாதி கரைந்து நிற்கும். நுரை பூசிய முகமும் பனியும் ஒரே வெள்ளையாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கத்தி சரசரவென்று ஓசையிடும். எனக்குத் தூக்கம் சொக்கும். கண் விழித்தால் என் புருஷனுடைய கன்னம் ஒரு கையகலம் வெளியே வந்திருக்கும்.

பழகும்வரை பாடுதான். வீடியோவில் காட்டியபடி தோலில் கத்தியைத் தீட்டப்போய்க் கல்யாணத்துக்கு எடுத்த பெல்ட்டைக் கீறிவைத்தார். தோலை இழுத்துப் பிடிக்க மறந்து தாடையோரம் ரத்தம் பார்த்தார். ஒரு பக்கக் கன்னம் மட்டும் பளபளக்க ஓட்டலுக்கு எப்படிப் போவது? மாஸ்க் போட்டுக்கொண்டு போனார். மாலையில் வந்ததும் கை கழுவி, குழந்தையின் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பார். மூச்சு வருகிறதா என்று.

இரண்டு கன்னமும் ஆயிற்று, மீசையும் போயிற்று. கழுத்தை எடுத்த அன்று தீபிகாவுக்குக் காய்ச்சல்.

காலையில் அவர் வேலைக்குப் போனபின் நான் அவளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸம்மா மருந்தும் கொடுத்திருந்தார். சொன்னால் காதில் வாங்கினால்தானே! மாலையில் வந்து சுடுகிற குழந்தையைத் தொட்டவர் கத்தியைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வீசினார்.

"நாந்தான் சொன்னனில்ல. நான் கை வெச்சிருக்கக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம்! "இன்னிக்கு ஊசி போட்ட கொழந்தைங்க எல்லாத்துக்கும் காய்ச்சல். மேல் ஊட்டுல கார்த்திக் மகன் அழுவறது இங்க கேக்குது. அவங்கப்பனுங்க எல்லாரும் காலைல உக்காந்து கழுத்து மழிச்சாங்களா?"

மேல் வீட்டுக் குழந்தையின் அழுகை பனிக்குள் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல வந்தது. அவர் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

விடிந்தபோது தீபிகாவின் நெற்றி குளிர்ந்திருந்தது. பால் குடித்துவிட்டுக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். இவர் தானே அலமாரியிலிருந்து கத்தியை எடுத்துவந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். தாடை மட்டுந்தான் பாக்கி. நுரையைப் பூசினார், கத்தியை விரித்தார், தாடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"கௌரி."

"சொல்லுங்க."

"அப்ப... மூத்தவளும் என்னால போவலியா?"

இத்தனை நாள் அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

"இல்லீங்க," என்றேன். நாக்கு அதோடு நிற்கவில்லை. "என்னாலயும் இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் இத்தனை நாள் அதைச் சுமந்திருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. தோள் குலுங்கியது. நுரையில் கோடு கோடாகக் கண்ணீர் இறங்கியது.

கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கி மடக்கினேன்.

"அழும்போது கத்தி நிக்காதுங்க. நல்லா அழுங்க. தாடையை நாளைக்கு எடுத்துக்கலாம்."