பட்டறைச் சத்தத்தில் ஒரு குரல்

திருப்பரங்குன்றம் ரோட்டில் காசிமாயன் லாரி பேட்டரிப் பட்டறை வைத்திருந்த காலத்தில், அவன் பொண்டாட்டி அன்னக்கொடி கூப்பிட்டால் எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையே திரும்பிப் பார்க்கும்.

"ஏய்யா, சோறு ஆறுது! வாரீகளா, நாய்க்கு வைக்கவா?"

என்ன குரல் அது! எழுபத்தஞ்சு, எழுபத்தாறில் அவர்களுக்கு நல்ல காலம். பழைய பேட்டரிகளை அவன் உடைப்பான். அவள் ஈயத்தை அடுப்பிலேற்றி உருக்குவாள். புகை இருவர் முகத்திலும் அடிக்கும். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அதே கையால் சோற்றைப் பிசைந்து அவனுக்கும் ஒரு உருண்டை கொடுப்பாள். அந்த ருசி பிறகு எந்தச் சோற்றிலும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் அவள் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள். அதற்குத் தங்கம் போட்டால் வற்றிவிடும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். அவள் தங்கச்சி ஜெயக்கொடியிடம் சங்கிலி வாங்கிவந்து மாட்டிவிட்டான். வீக்கம் வற்றுவதாக இல்லை.

"சங்கிலியக் கழட்ட மனசில்லாம வீங்கிக்கிட்டே இருக்கியாடி?" என்று கேலி பேசினான். அவளும் கழுத்தைத் தடவிச் சிரித்தாள். வலி இல்லையே, அது போதாதா என்று மாசங்கள் ஓடிவிட்டன.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ராஜாராமன், தைராய்டில் புற்றுநோய் என்றார். தொழிலைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"ஈயத்தாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்தப் புகை உடம்புக்கு ஆகாதுப்பா, விட்ருங்க. ஆபரேஷன் பண்ணா உயிர் பிழைச்சுக்கலாம். குரல் போனாலும் போகும்."

உயிர் பிழைத்தது. குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றாய் ஒரு கிசுகிசுப்புதான் வந்தது. காசிமாயன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதான்.

ஆனாலும் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? டாக்டருக்கே நிச்சயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் சுத்தியலை எடுத்தான். அவளை மட்டும் அடுப்புப் பக்கம் விடவில்லை.

ஒருநாள் மத்தியானம் பின்கட்டில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள். காலை ஊன்ற முடியவில்லை. கூப்பிட்டிருக்கிறாள். இவன் பேட்டரி உடைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தான்.

"எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன்யா," என்று அவள் உதடு அசைந்தது.

அந்த வாரமே அடுப்பு, அச்சு, சுத்தியல் எல்லாவற்றையும் சொந்தக்காரன் நல்லகாமனுக்கு விற்றுவிட்டான்.

"என்ன மாமா, ஈயத்துக்குப் பயந்துட்டீகளா?" என்று கேட்டான் நல்லகாமன்.

"அதுக்குப் பயந்திருந்தா அன்னிக்கே விட்டிருக்கணும் மாப்ள," என்றான் காசிமாயன். "இந்தச் சத்தத்துல அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கல."