கழுகு பொறித்த முள்கரண்டி

மிரபெல் சீமாட்டி வீட்டுச் சமையலறை ஜன்னலும் என் கையுறைக் கடை ஜன்னலும் நேருக்கு நேர். பார்க்கக் கூடாது என்றாலும் கண் தானாகப் போய்விடும்; நான் என்ன செய்ய?

போன வருடம் வரோல் பிரபுவின் மாளிகையில் பன்னிரண்டு வெள்ளி முள்கரண்டிகள் காணாமல் போயின. வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பொறுப்பு தூசான். "திருடன்" என்று பிரபுவின் மனைவி எல்லா வேலைக்காரர்கள் முன்னாலும் கத்தி அவனைத் துரத்தினாள். அதன்பின் எங்கள் திஜோன் நகரில் எந்தப் பெரிய வீடும் அவனை வாசலில் ஏற்றவில்லை. தெருத்தெருவாகத் தண்ணீர் சுமந்து விற்கிறான். அவன் மனைவி பெரின் அழவுமில்லை, திட்டவுமில்லை. அப்படிப்பட்ட பெண்களைக் கண்டால் எனக்குப் பயம்.

இந்த வசந்தத்தில் அவள் மிரபெல் வீட்டில் விருந்து மேசை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே வாரத்தில் என் கடைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, பன்னெண்டும் இங்கதான் இருக்கு! பிரபுவோட சம்சாரம் சீட்டாட்டத்துல எங்க சீமாட்டிகிட்ட தோத்துட்டு, பழிய என் புருஷன் தலையில கட்டிட்டா."

"யாருடி சொன்னா?"

"எங்க சீமாட்டியேதான். நான் யாரு பொண்டாட்டின்னு அவங்களுக்குத் தெரியாது. தனியா சாப்பிடறப்ப அதுலதான் சாப்பிடறாங்க. ருசியே தனியாம்."

"பிரபுகிட்ட போய்ச் சொல்லேன்."

"திருடன் பொண்டாட்டி பேச்ச யாரு நம்புவா? அவரே பாக்கணும். நாலு பேர் முன்னால பாக்கணும்."

ஞாயிறு மதியம் விருந்து. வரோல் தம்பதி வருவதால் பன்னிரண்டையும் பூட்டி வைக்கச் சொன்னாள் சீமாட்டி. பெரின் பதினொன்றைப் பூட்டினாள்.

எங்கள் ஊரில் மேசையில் முள்கரண்டியைக் கவிழ்த்துத்தான் வைப்போம். குலச்சின்னம் முதுகில் அல்லவா இருக்கிறது, விருந்தாளி பார்க்க வேண்டாமா? மீதி ஒன்றைப் பளபளவென்று தேய்த்து, வரோல் பிரபுவின் தட்டருகே கவிழ்த்தாள். மீன்கன்னிகள் தாங்கும் பெரிய வெள்ளிப் பழக்கோபுரத்தையும் அரையடி நகர்த்தினாள். எதிரே உட்காரும் மனைவிக்கு இனிக் கணவன் கை தெரியாது.

மிச்சத்தைச் சொன்னது அன்று பரிமாறிய என் கொழுந்தன். மீன் வந்ததும் கரண்டியைத் தொட்ட பிரபுவின் கை அப்படியே நின்றதாம்.

"இது எங்க குலத்துக் கழுகாச்சே. இங்க எப்படி வந்துது, சீமாட்டி?"

இருபது பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். திருட்டுப் பொருள் வைத்திருப்பவள் என்ற பெயர் தனக்கு எதற்கு என்று மிரபெல் நினைத்திருப்பாள்.

"உங்க வீட்டம்மாவையே கேளுங்க. சீட்டுல ராணிய ரொம்ப நம்பினாங்க, பாவம்."

கோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோப்பை உருண்டது.

"அப்ப தூசான்?" என்றார் பிரபு.

"தண்ணி சுமக்கறாருங்க ஐயா," என்றாள் பின்னால் நின்ற பெரின். "தோள்ல புண்ணு."

விருந்து முடியுமுன்பே மிரபெல் அவளை வேலையிலிருந்து நீக்கினாள். பெரின் கவலைப்படவில்லை.

மறுநாள் பிரபு தூசானைத் திரும்ப அழைத்தார். பெரினும் போனாள், கையுறை கொடுக்கும் சாக்கில் நானும். எல்லா வேலைக்காரர்களையும் முற்றத்துக்குக் கூப்பிடச் சொன்னாள் பெரின். பிரபுவின் மனைவி தரையைப் பார்த்தபடி முனகினாள்: "அவன் எடுக்கல."

"கேக்கலீங்கம்மா. அன்னிக்கு இதவிடச் சத்தமா சொன்னீங்க."

மூன்றாவது தடவை சொன்னது தெருவுக்கே கேட்டது. "போதும், பெரின்," என்று தூசான் அவள் கையைப் பிடித்தான். போதும் என்று அவள் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.