காலியாக விட்ட இரண்டு இடங்கள்

கணவன் எண்ணெய்க் குப்பியைக் கிறீச்சிடும் வாசல் கேட்டின் கீலுக்கு மேல் சாய்த்தபோது அவள் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் வெளிய போனப்புறம் போட்டுக்கோங்கன்னு அப்பா சொல்லியிருக்கார்."

"அதான் மாமா போயிட்டாரே."

"இன்னும் வெளிய போகலையே."

கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். கணவன் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பேண்டு வாத்தியக் குழுக்களுக்குப் பாட்டை வாத்தியவாரியாகப் பிரித்து எழுதிக்கொடுப்பது அப்பாவின் தொழில். ஆளைப் பார்த்துத்தான் எழுதுவார். டிரம்பெட்காரருக்கு முன்பல் ஆடத் தொடங்கியதைப் பல் வைத்தியருக்கு முன்பே கண்டுபிடித்து, உச்ச ஸ்வரங்களைக் கிளாரினெட்டுக்கு மாற்றியவர். பெரிய குழலை ஊதும் ட்யூபாக்காரருக்கு ஓர் இடத்தில் கொட்டாவி வரும் என்று அங்கே ஓய்வு கொடுத்திருந்தார். எந்த ஊரில் வாசித்தாலும் கொட்டாவி அந்த இடத்தில்தான் வந்தது. ஒரு தடவைகூட முந்தியதில்லை.

கடைசியாகத் தன்னைத் தூக்கிப்போகும்போது வாசிக்க ஒன்று செய்தார். கை நடுங்கியதால் அவர் முனக, மகள் எழுதினாள். இரண்டு இடங்களில் மட்டும், "காலியா விடு. காத்திருக்கணும்னு குறி போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ட்யூபாக்காரர் தாளோடு வந்தார். "பாப்பா, ரெண்டு இடத்துல யாருக்குமே ஒண்ணும் இல்லையே. யாருக்காகக் காத்திருக்கணும்?"

"தெரியல சித்தப்பா. அப்பா தூங்கிட்டார்னு நினைக்கிறேன்." அவள் குரல் இறங்கியது. "பாதியில நின்னா, கிழவனுக்குக் கடைசியில புத்தி கலங்கிடுச்சும்பாங்க. நீங்களே ஏதாவது போட்டு நிரப்பிடுங்க."

"உங்கப்பா எழுதினதுல நான் கை வைக்கிறதா? அந்தக் கொட்டாவிக்கு நான் என்ன பதில் சொல்றது? எழுதினபடியே வாசிக்கிறோம். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

பேண்டு தெருவில் நின்று தொடங்கியது. பெட்டி கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேட்டை நெருங்கியது. எல்லா வாத்தியங்களும் ஒரே நேரத்தில் நின்றன. தெருவில் யாரோ இருமினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டை இழுத்துத் திறந்தாள்.

கேட் கீழ் ஸ்வரத்திலிருந்து மேலே நீளமாகப் பாடியது.

அது முடிந்த ஸ்வரத்திலிருந்து, ஒரு மயிரிழை பிசகாமல், கிளாரினெட் எழுந்தது.

தூக்கியவர்களின் கால்கள் ஒரு கணம் நின்று, பிறகு நடந்தன. கணவன் சட்டைப்பையிலிருந்த குப்பியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான், அது இருமிவிடும் என்பதுபோல.

பெட்டி வெளியே போனது. பின்னால் வந்தவர்களும் போனார்கள். ஸ்பிரிங் வைத்த கேட்; விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். எல்லோரும் போகட்டும் என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் வாத்தியங்கள் இரண்டாவது முறை நின்றன. டிரம்பெட்காரர் திரும்பிப் பார்த்தார். ட்யூபாக்காரர் கன்னத்தில் காற்றை நிரப்பியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படவில்லை.

அவள் கேட்டிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.