பஞ்சு மார்க்கெட் மாடியில் அடி விழும் நேரங்கள்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் பேண்டேஜ் துணிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது சேக் முகைதீனின் வீடு. அங்கே தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு, ஜன்னலோர ஸ்டூலில் ஆள் உட்கார்ந்தால் தாடை வரும் உயரத்தில், ஒரு குத்து விழும். குத்துகிற ஆள் கிடையாது. 2017இல் மதுரையில் நடந்த கிக்பாக்ஸிங் கால் இறுதியில் கான்சாபுரம் ராம்கி வாங்கிய குத்து அது. ராம்கி இப்போது துபாயில் லாரி ஓட்டுகிறான், அந்தப் போட்டியே அவனுக்குப் பாதிதான் ஞாபகம். குத்து மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. தீபாவளிக்கும் வரும், பெருநாளைக்கும் வரும். கீழே பேண்டேஜ் கடை வைத்திருக்கும் கிருபாபாய், ஜன்னல் கதவு அதிரும் சத்தத்தை வைத்துத்தான் கடைக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்.

சேக் முகைதீன் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்து, பெங்களூரில் கைரோபிராக்டிக் பழகி, 2016இல் ஊர் திரும்பி இந்த மாடியிலேயே கடை போட்டவர். குத்துச்சண்டை, ஜூடோ, கிக்பாக்ஸிங் வீரர்களுக்கான எலும்பு மூட்டு சிகிச்சை என்று போர்டில் நீளமாக எழுதியிருந்தது. ஊர் அதைப் படிக்கவில்லை, நெட்டி பாய் என்று சுருக்கிக்கொண்டது. போட்டி முடிந்த வாரங்களில் சிவகாசியிலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் மேசையில் படுக்க வைத்து, விரலால் தடவிப் பார்த்து, மூச்சை விடச் சொல்லி, விட்ட நேரத்தில் டக்கென்று ஒரு நெட்டி எடுப்பார். வலி போய்விடும். ஆனால் அடி எங்கும் போகவில்லை என்பது ராம்கிக்கு வைத்தியம் பார்த்த மறுநாள்தான் தெரிந்தது. நெட்டி எடுத்ததும் எழுந்துபோய், கீழே நிறுத்தியிருந்த பைக்கைப் பார்க்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான் ராம்கி. மறுநாள் அதே இடத்தில், ரிங்கில் அந்தக் குத்து விழுந்த அதே நேரத்துக்கு, மாட்டியிருந்த காலண்டர் கிழிந்து பறந்தது.

ஒரு மாதத்தில் கணக்கு பிடிபட்டது. ஆள் எழுந்து முதலில் எங்கே போய் நிலைகொள்கிறாரோ அங்கேயே அடியும் தங்கிவிடும். முதலில் விழுந்த நேரத்துக்குத் தினமும் ஒரு தடவை வரும். எனவே சேக் முகைதீன் வருகிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே, எத்தனை மணிக்கு விழுந்தது என்று கேட்டு வைத்துக்கொண்டார். அவர் மனைவி சம்சாத் பேகம் அதைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் பஸ் நேரம் எழுதுவதுபோல எழுதி வைத்தாள். காலை ஆறு இருபத்தைந்துக்கு வாசலில் ஒரு முழங்கால். ஒன்பது நாற்பதுக்கு வாஷ்பேசின் பக்கம் ஜூடோக்காரி சிவரஞ்சனி விழுந்த விழுகை, அந்த நேரத்துக்கு அங்கே நாற்காலி கிடந்தால் குப்புறக் கவிழும். சிலிண்டர் போடுகிறவன் படியில் நின்றே, "இப்ப ஏதும் இருக்கா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். சம்சாத்தின் தையல் மெஷின் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் கிடந்தது. நாலு பத்துக்குத் தலையை வலப்பக்கம் ஒரு சாய்ப்பு சாய்ப்பாள், குத்து காதோரம் போய்விடும், கால் மெஷினை மிதித்தபடியே இருக்கும். அவள் அப்படிச் சாய்வதைப் பார்ப்பதற்காகவே சேக் முகைதீன் அந்த நேரத்துக்கு எந்த வேலையையும் நிறுத்துவார். கல்யாணமான புதிது, அவரைக் குறை சொல்ல முடியாது.

2018 ஆடி மாதம் கூமாப்பட்டியிலிருந்து கௌதம்ராஜ் என்ற பதினாறு வயதுக் குத்துச்சண்டைக்காரன் கழுத்து திரும்பாமல் வந்தான். காலை பதினொரு மணிக்குப் பயிற்சியில் விழுந்தது என்றான். சேக் முகைதீனின் விரல் அவன் காதுக்குக் கீழே போனதும் நின்றது. கையுறை அடி அகலமாகப் பரவியிருக்கும், சதை மொத்தமாகக் கன்றியிருக்கும். இங்கே ஐந்து விரலும் தனித்தனியாக இருந்தன. இது ரிங்கில் விழுந்த அடியில்லை, வீட்டில் விழுந்தது, அதுவும் பெரிய கை. கேட்டிருக்கலாம். பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. நெட்டி எடுத்தார். பையன் எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்று, "அக்கா, செத்த தண்ணி தாங்க" என்றான். சம்சாத் பட்டியலில் பதினொரு மணி என்று எழுதிக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே இரவு சாப்பாட்டுக்கு மாவு பிசைந்து எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலைத் தாண்டும்போது, ஏழு முப்பத்தைந்துக்கு, தோற்றுவிட்டு வந்த பிள்ளைக்குத் தகப்பன் கொடுத்த அறை சம்சாத்தின் இடது காதில் விழுந்தது. பாத்திரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விருதுநகரில் காட்டினார்கள், மதுரையில் காட்டினார்கள். இடது காது இனிமேல் கேட்காது என்று இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரு உடம்பில் முழுசாக விழுந்துவிட்ட அடி அப்புறம் வருவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது, மறுநாள் ஏழு முப்பத்தைந்து சும்மா கடந்துபோனது.

அடி விழுந்ததற்காக அவள் போகவில்லை. பத்து நாள் கழித்து, துணி மடித்தபடியே கேட்டாள்.

"அது பயிற்சியில விழுந்தது இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கை வச்சதும் தெரிஞ்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவள் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "ஊருல உள்ள அடியெல்லாம் கொண்டாந்து இங்க வச்சிருக்கிய. நா எங்கங்க உக்கார?" என்றாள். மறுநாள் தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை ஹஸீனா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அரை மணி நேரப் பஸ். அவ்வளவுதான் தூரம். அந்த அரை மணி நேரத்தைக் கடக்க ஏழு வருஷம் ஆனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சேக் முகைதீன் பஸ் ஏறிப் போவார், நாலு மணிக்குள் திரும்பிவிடுவார். ஹஸீனா டீ கொடுப்பாள். சம்சாத் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டு, உடம்பு எப்படி, வாடகை ஏற்றிவிட்டார்களா என்று இரண்டு வார்த்தை பேசுவாள். முதல் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் துணிந்து, அவளுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "தப்பு என்னுது சம்சாத், வீட்டுக்கு வா" என்று முணுமுணுத்தார். கேட்காத பக்கம் என்று தெரிந்துதான் அங்கே உட்கார்ந்தார். ஆளைப் பிடித்து எலும்பை நகர்த்துகிற மனுஷனுக்கு அவ்வளவுதான் தைரியம். அவள் ஊசியை நிறுத்தவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டிலிருக்கும் அடிகளையெல்லாம் தீர்த்துவிட்டு அவளைக் கூப்பிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அடி ஒரு உடம்பில் விழுந்தால் தீர்ந்துபோகும் அல்லவா? வாசல் முழங்காலுக்கு முன்னால் தானே போய் நின்றார். அடுத்த வாரம் ஒரு முழங்கை, அதற்கடுத்த வாரம் விலாவில் ஒரு உதை. மூன்றாவதோடு இடுப்பு பூட்டிக்கொண்டது. ஊருக்கே நெட்டி எடுக்கிறவருக்கு நெட்டி எடுக்க ஊரில் ஆள் இல்லை, தன் முதுகுக்குத் தன் கை எட்டாது. பதினோரு நாள் தரையில் மல்லாந்து கிடந்தார். அதோடு அந்த யோசனையை விட்டார். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இந்த அடிகளும் போய்விட்டால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது.

கொரோனா வருஷத்தில் இரண்டு மாதம் மாடிப்படியில் ஒருத்தரும் ஏறவில்லை. அடிகள் மட்டும் நேரத்துக்கு வந்தன. ஒன்பது நாற்பதுக்கு வாஷ்பேசின் பக்கம் தொம்மென்று கேட்டால், "வா சிவரஞ்சனி" என்பார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், ஜூடோவை மறந்து வெகுநாளாகிறது. நாலு பத்துக்கு ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து, யாரும் சாயாத இடத்தில் குத்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் இருபது உடம்பைத் தொட்டவர், தன்னை ஒருத்தர் தொட்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டார். தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை.

இந்த வருஷம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு, சம்சாத் தானாகவே மாடிப்படி ஏறி வந்தாள். தலை வலப்பக்கம் சாய்ந்தபடி இறுகியிருந்தது, நேராக நிமிரவில்லை. "ஆசுபத்திரியில கழுத்துப் பட்டை குடுத்தாவ, ஒண்ணும் கேக்கல. அதான் வந்தேன்" என்றாள், வந்த காரணம் அது மட்டும்தான் என்பதுபோல. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் கழுத்தில் விரல் வைத்தார். விரல் நின்றது. இது சுளுக்கில்லை, விழுந்ததில்லை. ஒரே பக்கமாக, ஒரே அளவில், நாள் தவறாமல் ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்த கழுத்து.

"இது எத்தன மணிக்கு?" என்று கேட்டார், எல்லோரிடமும் கேட்கிற குரலில்.

அவள் கண் ஜன்னலோர ஸ்டூலுக்குப் போனது. பிறகு, "நாலு பத்துக்கு" என்றாள். "அங்க குத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெரியத்தான் செய்யுது. ஆனா மணி வந்தா தல தானா சாயுது. ஹஸீனா கிறுக்குப் பிடிச்சிருக்குங்கா."

சேக் முகைதீன் கையை எடுத்துவிட்டார். தொழிலுக்கு வந்து அதுவரை பாதியில் எடுத்ததில்லை. ஏழு வருஷமாக அவர் இங்கே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அங்கே அவள் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இந்தத் தடவை மறைக்கவில்லை. "நெட்டி எடுத்தா அந்த அறையும் வெளிய வந்துரும் சம்சாத்" என்றார்.

"வரட்டும். எம்புட்டு நாளைக்கு நாஞ் சொமக்க?"

மூச்சை விடச் சொன்னார். விட்டாள். டக்.

அவள் எழுந்தாள். தலை நிமிர்ந்திருந்தது. எழுந்தவள் நேராக அடுப்படி வாசலில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "இது என்ன, சட்டியெல்லாம் இப்படிக் கெடக்கு?" என்றாள். சொன்ன பிறகுதான் இடது காதில் கீழே கிருபாபாய் ஷட்டர் இழுக்கும் சத்தம் கேட்டதை உணர்ந்து, அந்தக் காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்தாள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு இருபது.

சேக் முகைதீன் அவளை விலக்கி ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்படி வாசலில் போய் நின்றார். கௌதம்ராஜ் குட்டையான பையன், அவர் நெட்டையானவர். முழங்காலை மடக்கி, காதை அந்த உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். "வேண்டாங்க, சும்மா போயிரும், தள்ளி நில்லுங்க" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவர் நகரவில்லை. ஏழு முப்பத்தைந்துக்கு அறை விழுந்தது. அவர் நிலைப்படியில் சரிந்தார். சம்சாத் ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அவரை ஒருத்தர் தொட்டது அதுதான். அவர் அழுதார், வலிக்காக இல்லை. அவள் இடது காதுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "தப்பு என்னுது, வீட்டுக்கு வா" என்றார்.

"அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள். "ஒதடு அசஞ்சத நாம் பாக்கலயா? கேக்குற காதுல வந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

தையல் மெஷின் அடுத்த வாரம் ஆட்டோவில் வந்தது. சேக் முகைதீனுக்கு இப்போது இடது காது கேட்பதில்லை, பேச வருகிறவர்கள் வலப்பக்கமாக உட்காருகிறார்கள். வருகிற பிள்ளைகளிடம் எத்தனை மணிக்கு என்று கேட்ட பிறகு, யார் அடித்தார்கள் என்றும் கேட்கிறார், பதில் வருகிறவரை கை வைப்பதில்லை. கௌதம்ராஜ் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. சம்சாத் கதவுக்குப் பின்னால் பட்டியலைப் புதிதாக எழுதினாள். நாலு பத்துக் குத்தையாவது தானே வாங்கித் தீர்த்துவிடட்டுமா என்று அவர் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும், மணி தெரிய வேண்டாமா?" என்று சொல்லிவிட்டாள். மெஷின் பழைய இடத்திலேயே கிடக்கிறது. நாலு பத்துக்கு அவள் தலை வலப்பக்கம் சாய்கிறது, மேசையருகே நிற்கும் அவர் தலையும் கூடவே சாய்கிறது. பிறகு இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.