எச் புத்தகம் பக்கத்து வீட்டில்

தங்கள் வராந்தாவையும் பக்கத்து வீட்டு வராந்தாவையும் பிரிக்கும் கம்பிக்கு மேலே ஒரு காலைப் போட்ட பிறகுதான், தான் இப்போது சின்னப் பெண் இல்லை என்பதை ரோஸ்மேரிக்கு இடுப்பு ஞாபகப்படுத்தியது. இறங்கி நடந்து போக இரண்டு வீட்டுக்கும் தனித்தனிப் படி இருக்கிறது. ஆனால் படி வழியாகப் போனால் தெருவே பார்க்கும். கம்பியைத் தாண்டியபோதும் தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மில் மூடியதிலிருந்து எங்கள் தெருவுக்கு வேறு வேலை இல்லை.

கதவைத் திறந்த ஸ்டெல்லா பாவ்லிக், கையில் கரண்டியோடு நின்றாள். உள்ளே முட்டைக்கோஸ் வெந்துகொண்டிருந்தது.

"உங்கம்மா போயிட்டாளா?"

"இல்ல அத்தை. எச் புத்தகம் வேணும்."

ஸ்டெல்லா கரண்டியைத் தாழ்த்தினாள். "எதுக்கு?"

"இதயம் பாக்கணும். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு. டி புத்தகத்துல டிராப்சி, அதாவது நீர்வீக்கம்னு தேடினா, 'காண்க: இதயம்'னு போட்டிருக்கான். தனக்கு உடம்புல என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணுமாம். காலையிலேருந்து அதே பேச்சு."

"டாக்டர் சொல்லலியா?"

"ஓய்வெடுங்கன்னார்."

"பாதிரியார்?"

"கடைசி எண்ணெய் பூசிட்டுப் போனார்."

ஸ்டெல்லா வாசல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டாள். "இண்டெக்ஸைக் கொண்டு வா. எச் புத்தகத்தை எடுத்துட்டுப் போ."

இதற்குச் சின்னதாக ஒரு வரலாறு உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு புத்தகமாக, ஆங்கில எழுத்து வரிசையில், கலைக்களஞ்சியம் மலிவு விலைக்குக் கிடைத்த காலம் அது. நடுச்சுவர் ஒன்றாக இருக்கும் இரட்டை வீட்டில் இரண்டு கலைக்களஞ்சியம் எதற்கு, ஒரு வாரம் நீ, மறுவாரம் நான் என்று பேசி முடித்தார்கள். யாருடைய யோசனை அது? யார் வீட்டு வாசலில் நின்று கேட்கிறோமோ அவருடைய யோசனை. அப்படி ஏ ஹுடாக் வீட்டுக்குப் போனது, பி பாவ்லிக் வீட்டுக்குப் போனது. சி இரண்டு புத்தகமாக வந்து ஆளுக்கு ஒன்றானது; வேறு சில எழுத்துகள் இரண்டிரண்டாக ஒரே புத்தகத்தில் வந்தன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது 'காண்க' என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு அனுப்பும். பிள்ளைகள் கம்பியைத் தாண்டித் தாண்டிக் கம்பியின் பெயிண்டே போயிற்று.

கடைசியில் வந்தது இண்டெக்ஸ். எது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிற புத்தகம். அதற்கு எழுத்து கிடையாது, அதனால் முறையும் கிடையாது. எல்லாப் புத்தகமும் வாங்கியதற்கு ரசீது காட்டினால் இலவசம். இரண்டு வீட்டு ரசீதையும் சேர்த்துக்கொண்டு போனவள் ரோஸ்மேரியின் அம்மா வெரோனா ஹுடாக். வாங்கி வந்தவள் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். துணி காயப்போடும் கொடியடியில் நடந்த அந்தச் சண்டையை இன்றைக்கும் தெரு இரண்டு விதமாகச் சொல்கிறது. அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஹுடாக் பிள்ளைகள் ஒட்டகம், டைனோசர் என்று பள்ளியில் கட்டுரை எழுதினார்கள். பாவ்லிக் பையன்கள் தேனீ, யானை என்று எழுதினார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று டீச்சர் பெயரைப் பார்க்காமலே சொல்லுவாளாம்.

ரோஸ்மேரி திரும்பி வந்தாள். கட்டிலை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கி, நடுச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வெரோனா மூன்று தலையணையில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வீங்கின கால் இரண்டும் உயரமாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த துண்டுக்கு அடியில் இருந்தது இண்டெக்ஸ். அளவு சரியாக இருந்தது என்பது ஒரு காரணம். கண்ணுக்கு எதிரில் இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

"என்னவாம்?"

"இண்டெக்ஸைக் கேக்குறாங்க."

"செத்தாலும் தர மாட்டேன்."

ஆரோக்கியமானவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ரோஸ்மேரி நின்றாள்.

"பின்ன எப்படிம்மா தெரிஞ்சுக்குவே?"

"அது உன் பாடு. நீதானே காலேஜ் போனவ." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வந்து போயிற்று. "அந்த டாக்டர் என்னைக் குழந்தைன்னு நெனச்சுக் கன்னத்தைத் தட்டிட்டுப் போறான். எனக்குள்ள நடக்கறது எனக்குத் தெரியாமப் போகக் கூடாதுடி."

அவளுடைய உதடு காலையில் இருந்ததைவிட நீலமாக இருந்தது. நூலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ரோஸ்மேரி அலமாரியைப் பார்த்தாள். ஏ, சி, டி என்று வரிசையாக நிற்கும் புத்தகங்களுக்கு நடுவில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புத்தகத்தின் அகலத்துக்கு இடைவெளி. அம்மா ஒரு நாளும் அவற்றை நெருக்கி வைத்ததில்லை. நெருக்கி வைத்தால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமே.

இந்தத் தடவை கம்பியைத் தாண்டும்போது பாவாடை கிழிந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"புத்தகம் வெளியே வர வேண்டாம் அத்தை. உங்க வீட்டுலயே இருக்கட்டும். நீங்க படிங்க."

"யாருக்கு? சுவத்துக்கா?"

"ஆமா. அம்மா இருமினா நீங்க ரேடியோ சத்தத்தைக் கூட்டுவீங்க. நீங்க தும்மினா அம்மா முணுமுணுப்பாங்க. முப்பது வருஷமா எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, ரெண்டு பேரும்."

ஸ்டெல்லா அடுப்பை அணைக்கப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

ரோஸ்மேரி வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது சுவருக்கு அப்பால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"இதயம்," என்றது சுவர், பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில். "இதயம் தசையால் ஆன உறுப்பு. அவரவர் மூடிய கையின் அளவு இருக்கும். படம் போட்டிருக்கான். மாட்டு ஈரல் மாதிரி இருக்கு."

வெரோனா போர்வைமேல் கிடந்த தன் கையைப் பார்த்தாள். மெல்ல விரல்களை மடக்கினாள்.

"அவ கைக்கு," என்றாள் மகளிடம், "ரெண்டு ஆளு இதயம் இருக்கணும்."

"என்ன சொல்றா?"

"படிங்க அத்தை."

ஸ்டெல்லா அறைகளைப் படித்தாள், வால்வுகளைப் படித்தாள். வாயில் நுழையாத பெயர்களை, "ஏதோ ஒரு பேரு," என்று தாண்டினாள். வெரோனா கண்ணை மூடாமல் கேட்டாள்.

"இதயம் தளர்ந்தால் இரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் போகிறது. நீர் முதலில் பாதங்களில் தங்கும். பிறகு மேலே ஏறும். நுரையீரலில் சேரும்போது படுத்தால் மூச்சு முட்டும்..." குரல் அங்கே நின்றது. "இதுக்கு மேல படிக்கணுமா?"

"படிக்கச் சொல்லு," என்றாள் வெரோனா.

"படிக்கச் சொல்றாங்க."

"தளர்ச்சி மிகும்போது நோயாளிக்கு உறக்கம் கூடும். பிறகு துடிப்பு நின்றுபோகும்." இதை ஸ்டெல்லா வேகமாகப் படித்தாள், சூடான பாத்திரத்தைக் கை மாற்றுகிற மாதிரி.

வெரோனா தலையை ஆட்டினாள். "அவ்வளவுதானா? இதைச் சொல்ல அந்தாளுக்கு என்ன கேடு." சற்றுப் பொறுத்து, "ஒழுங்காத்தான் படிக்கிறா," என்றாள். அதைச் சுவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

ஸ்டெல்லா தவளையின் இதயத்துக்குப் போனாள். அதற்கு மூன்றே அறை. பறவையின் இதயம் உடம்பைப் பார்க்கப் பெரியது, வேகமாக அடிக்கும். எங்கோ பறவைக்கும் மீனுக்கும் நடுவில் வெரோனாவின் மூச்சு ஒன்று வெளியே போயிற்று. அடுத்ததற்காக ரோஸ்மேரி காத்திருந்தாள். போர்வைமேல் மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"அவ கேக்குறாளா?"

ரோஸ்மேரி அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"படிங்க அத்தை."

மீனுக்கு இரண்டு அறை. மண்புழுவுக்கு இதயம் என்று தனியாக இல்லை, ஐந்து ஜோடிக் குழாய். ஸ்டெல்லா ஒரு வரியையும் விடவில்லை.

"முடிஞ்சுது. கீழே, 'மேலும் காண்க: நுரையீரல்'னு போட்டிருக்கு." புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "எல் உங்க வீட்டுலல்ல இருக்கு."

"ஆமா."

"ரோஸி?"

"இருக்கேன் அத்தை."

"எல்லை எடுடி."

ரோஸ்மேரி எழுந்தாள். அம்மாவின் கால்களைத் தூக்கி, இண்டெக்ஸை உருவி, துண்டை மடித்துக் கால்களைத் தாழ வைத்தாள். இண்டெக்ஸைத் திறந்து, நுரையீரலுக்குப் பக்க எண்ணைப் பார்த்தாள். எல் புத்தகத்தை எடுத்து முதுகின் தூசியைக் கிழிந்த பாவாடையில் துடைத்தாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி உரக்க ஆரம்பித்தாள்.

"நுரையீரல்கள் இரண்டு. ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரியது."

சுவருக்கு அப்பால் நாற்காலி இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்தது.