ஏசி பெட்டியின் மேல் ஒரு கூடை

எனக்குக் கோபம் வந்தால் வந்ததுதான். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். சொன்னது நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் ஏசி குளிராமல் வெறுமே உறுமியபோது, மெக்கானிக் மெஹபூப் பாஷாவை வரவழைத்தேன். அவர் பால்கனிக்கு வெளியே மாட்டியிருந்த பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மேல காக்கா கூடு கட்டிக்கீது சார். ரெண்டு குஞ்சு கீது. குச்சியெல்லாம் ஃபேன் உள்ள தொங்கிக்கினு கீது. ஒரு இருபது நாள் பொறுத்துக்க சார். அதுங்க பறந்துடும். அப்பால வந்து க்ளீன் பண்ணிக் குடுக்கறேன்."

"இருபது நாளா? நான் வெந்துடுவேன்!"

அவர் போனதும் ஒட்டடைக் குச்சியை எடுத்தேன். என் மனைவி ஜெயலக்ஷ்மி, "வேண்டாம்னா, பாவம்னா" என்று கையைப் பிடித்தாள். கேட்கிற ஆளா நான்? ஒரே தள்ளு. சுள்ளியும், எங்கள் கொடியிலிருந்தே திருடிய ஹேங்கர் கம்பியும் சரிந்தன. ஒரு குஞ்சு இரண்டு மாடி கீழே சிமெண்ட் தரையில் விழுந்தது. அசையவில்லை. இன்னொன்று பால்கனியில் இருந்த துளசித் தொட்டிக்குள் விழுந்து, சிவந்த வாயை அகலத் திறந்து கத்தியது. என்னிடமே சாப்பாடு கேட்டது.

என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நினைப்பதற்குள் உச்சந்தலையில் ணங்கென்று ஒரு கொத்து.

அன்று சாயங்காலமே ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பூக்கூடையில் தேங்காய் நாரைப் பரப்பி, ஏசி பெட்டியின் மேல் கம்பியால் கட்டி, குஞ்சை அதில் விட்டேன். இருட்டுவதற்குள் தாய்க் காக்கை வந்து அதற்கு ஊட்டியது. ஆனால் என்னை மன்னிக்கவில்லை. பால் வாங்கப் போனாலும், கறிகாய் வாங்கப் போனாலும், இரண்டு காக்கைகளும் தெருமுனை வரை துரத்தின. குடையில்லாமல் நான் வெளியே போக முடியவில்லை. ஜெயலக்ஷ்மியை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருந்தது. தினமும் சாப்பிடுவதற்கு முன் பால்கனிச் சுவரில் காக்கைக்குச் சாதம் வைப்பது எங்கள் வழக்கம். அவள் வைத்தால் உடனே எடுத்தன. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நான் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாலு வாரத்துல உங்கப்பா திதி வரது. பிண்டத்தை நீங்கதானே வெக்கணும்? காக்கா எடுக்கலேன்னா அப்பா பட்டினியா போவாரோன்னோ?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

சுருக்கென்று தைத்தது. எடுக்க வைத்தே தீருவேன் என்று முடிவு செய்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். என் முகம் அவற்றுக்குத் தெரியும், மறைத்துப் பிரயோசனமில்லை. தினமும் வெறுந்தலையோடு போய்ச் சாதம் வைத்துவிட்டு, மூன்றடி பின்னால் நின்றேன். கொத்து வாங்கினேன். ஒரு பருக்கை குறையவில்லை. மறுநாளும் வைத்தேன். அதற்கு மறுநாளும் வைத்தேன்.

கத்திரி வெயில் முழுவதும் ஏசி போடவில்லை. ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரத்வாஜ் வந்து, கூடையை எடுக்கச் சொன்னார்.

"என் தலையைத்தானே கொத்தறது? உங்க தலையை இல்லையே!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இருபதாம் நாள் பாஷா சொன்னபடி வந்தார். குஞ்சு கூடையை விட்டு வெளியே வந்து கம்பியில் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"சார், இது காக்கா இல்ல. குயிலு! காக்கா கூட்டுல முட்டைய உட்டுட்டுப் போய்டும். காக்கா தன்னோடதுன்னு நெனச்சி வளக்கும்."

"அப்போ கீழே விழுந்தது?"

பாஷா கீழே சிமெண்ட் தரையை எட்டிப் பார்த்தார். "அது காக்காவோட கொழந்தையாத்தான் இருக்கும் சார்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதன் சொந்தப் பிள்ளையைக் கொன்றுவிட்டு, ஊரார் பிள்ளையைக் கூடையில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் அந்தக் காக்கை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது.

"க்ளீன் பண்ணிடட்டா சார்?"

"வேண்டாம். அது இன்னும் கூடைக்கு வந்துண்டிருக்கு. நன்னா பறந்து பழகற வரைக்கும் இருக்கட்டும்."

திதியன்று ஹோமமும் பிராமண போஜனமும் முடியும்போது மணி ஒன்று. பிண்டத்தைச் சுவரில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போய் நின்றேன். எதிரே வாதாம் மரத்தில் இரண்டு காக்கைகளும் இருந்தன. வரவில்லை. ஒன்றரை ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. கால் சுட்டது.

"மாமியை விட்டு வெக்கச் சொல்லுங்கோ. இல்லேன்னா பசுமாட்டுக்குக் குடுத்துடலாம், தோஷமில்லை" என்றார் சாஸ்திரிகள்.

"கூட்டைத் தள்ளினது நான். நான் வெச்சதைத்தான் அது எடுக்கணும். அதுவரைக்கும் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

ஜெயலக்ஷ்மி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அப்போது குயில் குஞ்சு பறந்து வந்து சுவரில் உட்கார்ந்தது. சிறகை நடுக்கி, வாயைப் பிளந்து, பசி பசி என்று கத்தியது. அதற்குத் தானாகக் கொத்தத் தெரியவில்லை. தாய்க் காக்கை மரத்திலிருந்து இறங்கியது. குஞ்சைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. நான் மூச்சுகூட விடவில்லை. சட்டென்று என் அப்பாவின் சாதத்தில் ஒரு வாய் எடுத்து, குயிலின் வாயில் வைத்தது. இன்னொரு வாய். மூன்றாவது வாய். தனக்கென்று ஒரு பருக்கை எடுக்கவில்லை.

"ஏன்னா, அப்பா சாப்ட்டாச்சு" என்றாள் ஜெயலக்ஷ்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்கோ, இலை போடறேன்."

மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டியதும் தலையில் வழக்கமான கொத்து விழுந்தது. குடை கையில்தான் இருந்தது. விரிக்காமலே நடந்தேன்.